எண்ணும் பெயரும்

வருங்காலத்தை நினைத்து நடுங்குகிற கதைகளுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. ருசியாவின் சம்யாதின் 1920-21இல் எழுதிய 'நாம்' நாவலில் மனிதருக்குப் பெயர் கிடையாது, எண்தான். சுஜாதா 80களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' 2020களின் தொடக்கத்தில் நடக்கிறது. ஜீவா என்றொரு சர்வாதிகாரி. ஆளுக்கொரு எண், பெயருக்கு இரண்டெழுத்து, பிள்ளை பெற அரசு அனுமதி. படித்த நடுத்தர வர்க்கம் 'அய்யய்யோ, இப்படி ஆயிடுமா' என்று பயந்து பயந்து ரசித்தது.

நமக்கொரு சந்தேகம். இரண்டெழுத்தில் சாதிப்பட்டம் எங்கே ஒட்டும்? ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போதே அடிவயிறு கலங்குகிற சேரிப் பெண்ணுக்கு, ஒரகடத்துக் கம்பெனி கழுத்தில் மாட்டிவிடும் அட்டையின் எண் முதல் மாசம் விடுதலையாகத்தான் தெரியும். 'லைன்ல நின்னா எல்லாரும் ஒண்ணுதான்' என்பாள். அவர்களுடைய கெட்ட கனவு அவளுக்கு மூச்சுவிடக் கிடைத்த இடம். சாயங்காலம் சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்தான், 'நீங்க என்ன ஆளுங்க?'

1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய நாவலில், பிறக்குமுன்பே குடுவைக்குள் சாதி பிரித்து, கடைசிச் சாதியான எப்சிலானுக்கு எடுபிடி வேலையை ஒதுக்கிவிடுகிறார்கள். மனுவுக்குக் குடுவைகூடத் தேவைப்படவில்லை! பிரயாக் அக்பரின் 'லைலா' (2017) சமூகத்துக்கொரு மதில் எழுப்பிக்கொண்ட நகரத்தைக் காட்டுகிறது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மதில் விழுந்து தலித்துகள் 17 பேர் செத்தார்களே, அது எந்த வருங்காலம்? மேலே இருப்பவனுக்கு நாளைக்கு நடக்கலாம் என்றால் நாவல். நமக்கு நேற்றே நடந்துவிட்டால் பெட்டிச் செய்தி.

அதற்காக எண்ணைக் கும்பிட முடியுமா? சுஜாதாவின் வருங்காலம் வந்து சேர்ந்த 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட சாப்பாட்டால் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே நாளில் திரும்பப் பெற்றார்கள். அதே ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. கதையில் பிள்ளை பெறத்தான் அனுமதி கேட்க வேண்டும். இங்கே விவகாரம் தாலியிலேயே தொடங்கிவிடுகிறது.

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்கு? சம்பளமும் உண்டு, ஆனால் முக்கியமாகச் சங்கத்துக்கு. கம்பெனியின் ஆட்சேபம் என்ன தெரியுமா? சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்று வரக்கூடாதாம்! கோர்ட் வரைக்கும் போய், 2025 ஜனவரியில் அந்தப் பெயரிலேயே பதிவு வாங்கினார்கள். அட்டையில் எண்ணாக இருந்தவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. இந்த இடத்தைத் தொடுகிற வருங்காலக் கதை தமிழில் நம் கண்ணில் படவில்லை.

எழுதுங்கள் தோழர்களே. 2040இல் ஒரகடத்தில் நடக்கட்டும். ரோபோ வரட்டும், எது வேண்டுமானாலும் வரட்டும். கம்பெனி பஸ் ஊரில் நிற்கிறதா, சேரி வரைக்கும் வருகிறதா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சொல்லாத கதைகள் திருப்பி அனுப்பப்படும்.