கோடை விருந்தும் கொதித்தாறிய நீரும்

சித்திரை பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை, ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர். திருவனந்தபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள், இரண்டு மூன்று வீட்டாராக ஒன்றுசேர்ந்து வண்டி அமர்த்திக்கொண்டு பொன்முடிக்குப் புறப்படுவதும் இந்நாட்களில்தான். நெடுமங்காடு, விதுரா, கல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் புல்வெளியும் குளிர்காற்றும் நம்மை வரவேற்கின்றன. இத்தகைய கூட்டங்களில் விருந்தினர் கையில் முதன்முதலாகக் கொடுக்கப்படுவது ஒரு குவளைப் பானமே. பழச்சுவையும் பச்சிலை மணமும் கலந்த எலுமிச்சைப் பானம் ஒன்றை ஐம்பது பேருக்குச் செய்யும் முறையை இம்மாத இல்லப் பகுதியில் எழுதப் புகுந்தோம். ஆனால், பழத்தைப் பற்றியும் இலையைப் பற்றியும் பேசுமுன் நீரைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

எலுமிச்சைப் பானம் நமக்குப் புதிதன்று. பானகமும் நீர்மோரும் வழங்கும் தண்ணீர்ப் பந்தல்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை ஆகிய நான்கும் சேர்ந்த பானகத்தைவிடச் சிறந்த கோடைப் பானம் வேறு என்ன இருக்கிறது? நாம் குடியேறிய இந்நாட்டிலும் எலுமிச்சைக்குப் பெருமதிப்பு உண்டு. திருவனந்தபுரத்தார் எலுமிச்சைச் சாற்றுப் பானத்தைப் 'போஞ்சி' என்பர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த நம் அன்பர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டிலும் அதற்குப் பெயர் போஞ்சிதான். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தபோது வரைபடத்தில் எல்லைக்கோடு மாறியது. பானத்தின் பெயர் மாறவில்லை. புளியங்குடிச் சந்தையிலிருந்து எலுமிச்சை மூட்டைகள் மலை கடந்து இன்றும் கேரளத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இனி நீரைப் பற்றி. 2024-ஆம் ஆண்டு கேரளத்தின் பல இடங்களில் மஞ்சள் காமாலை பரவியது. எறணாகுளம் மாவட்டத்து வேங்ஙூர் ஊராட்சியில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அங்கு நோயைப் பரப்பியது குழாய் வழியே வந்த, சரிவரத் தூய்மை செய்யப்படாத குடிநீர். இந்நோய்க்குக் காரணம் 'ஹெப்படைட்டிஸ் ஏ' என்னும் நச்சுயிரி. நோயாளியின் மலத்தால் மாசுபட்ட நீரும், சரியாகக் கழுவப்படாத கையும் அதைப் பரப்புகின்றன. திருமண வீட்டிலும் புதுமனை புகுவிழாவிலும் வாசலில் நின்று கொடுக்கப்படும் குளிர்பானம் அதற்கு எளிய வாகனமாகிவிடுகிறது.

இந்நச்சுயிரியைப் பற்றி மூன்று செய்திகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். முதலாவது, புளிப்பு அதைக் கொல்லாது. எலுமிச்சை பிழிந்துவிட்டால் நீர் தூய்மையாகிவிடும் என்பது நம்மில் பலர் கொண்டுள்ள நம்பிக்கை. நம் இரைப்பையின் அமிலத்தையே தாங்கிக் கடந்து செல்லும் நச்சுயிரிக்கு எலுமிச்சை எம்மாத்திரம்? இரண்டாவது, குளிரும் அதைக் கொல்லாது. பனிக்கட்டியில் உறைந்து கிடந்தாலும் அது உயிர்ப்புடன் இருக்கும். மூன்றாவது, நோய் உடனே வெளிப்படுவதில்லை. உடலில் புகுந்து 15 முதல் 50 நாட்கள் வரை கழிந்த பின்னரே காய்ச்சலும், பசியின்மையும், கண்ணில் மஞ்சளும் தோன்றும். ஆகையால் விருந்து கொடுத்தவர் தம் வீட்டுப் பானமே அதற்குக் காரணம் என்பதை அறியாமலேயே போகலாம். தூய நீர் அருந்தி, சிறுவயதில் இந்நோய் தொடாமல் வளர்ந்தவர்களுக்கு எதிர்ப்பாற்றல் இராது. குழந்தைகளிடம் பெரும்பாலும் இலேசாகக் கடந்துபோகும் நோய், வளர்ந்தவர்களைக் கடுமையாக வாட்டுகிறது.

இவ்வளவையும் வெல்லும் ஆற்றல் நம் அடுப்புக்கு இருக்கிறது. நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே போதும். பெரிய அண்டாவாயின் ஐந்து நிமிடம் கொதிக்க விடுவோம். மலைமேல் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர்களுக்கு ஓர் ஐயம் எழலாம்: உயரத்தில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமே, அது போதுமா? பொன்முடி உயரத்தில் நீர் ஏறத்தாழ 96 பாகை வெப்பத்தில் கொதிக்கும். அதுவே போதுமானது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தோர் இங்குள்ள உணவு விடுதியில் அமர்ந்ததும், இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பான நீரை முன்னே வைப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. பதிமுகக் கட்டை இட்டுக் கொதிக்க வைத்த நீர் அது. சில வீடுகளில் சீரகம், சிலவற்றில் சுக்கு, சிலவற்றில் கருங்காலி. ஊருக்கு ஊர் கிணறும் குளமும் நெருங்கிக் கிடக்கும் மழைநாட்டில் நீரைக் கொதிக்க வைத்தே அருந்துவது எத்துணை அறிவுடைமை! நாம் இங்கு வந்து கற்றுக்கொள்ளத்தக்க பழக்கங்களில் இதனை முதலாவதாக வைப்போம். இப்பழக்கத்தை நம் பானகத்தோடு சேர்த்துவிட்டால் நாம் தேடும் பானம் கிடைத்துவிடுகிறது. நீரை எப்படியும் கொதிக்க வைக்கப் போகிறோம். அந்தச் சூட்டையே கொண்டு இலைகளின் மணத்தை இறக்கிக்கொள்ளலாம் அல்லவா?

ஐம்பது பேருக்கு, ஆளுக்கு 200 மில்லி லிட்டர் வீதம், பத்து லிட்டர் பானம் வேண்டும். அதற்கு எட்டரை லிட்டர் நீர், நன்கு பழுத்த பெரிய அன்னாசிப் பழம் ஒன்று, சாறுள்ள எலுமிச்சம்பழம் முப்பது, சர்க்கரை 900 கிராம், இஞ்சி 150 கிராம், புதினா இரண்டு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி, நாரத்தை இலை பத்து, உப்பு இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றைச் சேகரித்துக்கொள்க. மலையாளத்தில் இஞ்சிப்புல் என வழங்கும் எலுமிச்சைப்புல் கிடைத்தால் ஆறு தாள்கள் சேர்க்கலாம்.

அன்னாசியின் தோலையும் கண்களையும் நீக்கிப் பொடியாக நறுக்குக. இஞ்சியைத் தட்டிக்கொள்க. நீரில் ஒரு லிட்டரைத் தனியே எடுத்து, அன்னாசி, இஞ்சி, சர்க்கரை மூன்றையும் அதிலிட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஆறிய பின் பிழிந்து வடிகட்டினால் பழப்பாகு கிடைக்கும். பச்சைச் சாற்றின் மணத்தில் சிறிது குறையும் என்பது உண்மையே. ஆயினும் நெடுந்தூரம் எடுத்துச் செல்லும் பானத்துக்கு இதுவே உகந்தது.

எஞ்சிய நீரைக் கொதிக்க வைத்து, கழுவிய இஞ்சிப்புல்லை முடிந்து அதிலிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிடுக. அணைத்தவுடன் துளசி, நாரத்தை இலை, புதினா ஆகியவற்றைச் சேர்த்து மூடுக. நாரத்தை இலையின் நடுநரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டால் கசப்பு இறங்காது. புதினாவை மட்டும் துணியில் முடிந்து போட்டு, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். நீண்ட நேரம் கிடந்தால் மணம் கெட்டுக் கறுக்கும். மற்றவை கால் மணி நேரம் இருக்கலாம். பின்னர் வடிகட்டி, மூடியபடியே ஆறவிட்டு, பழப்பாகையும் உப்பையும் கலந்துகொள்க. புதினாத் தழையைப் பச்சையாகக் குவளையின் மேல் மிதக்கவிடுவது கண்ணுக்கு அழகாயிருக்கும். ஆனால் அத்தழை எந்த நீரில் வளர்ந்தது, எந்த நீரில் கழுவப்பட்டது என்பதை யார் அறிவார்? மணம் நீரில் இறங்கிவிட்ட பின் தழைக்கு அங்கு வேலையில்லை.

எலுமிச்சைச் சாற்றை மட்டும் ஒருபோதும் கொதிக்க விடலாகாது. 1747-ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் நலிந்த பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அப்பழங்களில் இருந்த மருந்துதான் பின்னாளில் வைட்டமின் சி எனப்பட்டது. அது சூட்டில் சிதையும் தன்மையது. சாற்றைப் பிழிந்து நெடுநேரம் வைத்திருந்தாலும் கசப்பேறும். ஆதலால் பழங்களைக் கழுவித் துடைத்து முழுதாகவே எடுத்துச் சென்று, பரிமாறும் வேளையில் பிழிந்து சேர்ப்பதே சிறந்தது. பிழிபவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவியிருக்க வேண்டும். அண்மையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டவர் அன்று வேறு பணியை ஏற்கட்டும். மஞ்சள் தோன்றுமுன்னரே நோய் பிறருக்குத் தொற்றும் என்பதை மறத்தலாகாது.

வெள்ளைச் சர்க்கரையை விரும்பாதவர் வெல்லமோ கருப்பட்டியோ சேர்க்கலாம். நீரிழிவுடையோருக்குப் பாகு கலக்குமுன் இரண்டு லிட்டர் இலைநீரைத் தனியே எடுத்து வைத்து, உப்பும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்துக் கொடுப்பது விருந்தோம்புவோர் கடமை. பதிமுகமிட்ட நீரைக் கொண்டு பானம் செய்வோர் ஒன்றை அறிக: எலுமிச்சை பிழிந்தவுடன் அச்சிவப்பு மறைந்து மஞ்சளாகும். பானம் கெட்டுவிட்டதென அஞ்ச வேண்டா. அக்கட்டையின் சாயம் புளிப்பில் நிறம் மாறும் இயல்புடையது. குழந்தைகளுக்கு இதனைச் செய்துகாட்டினால் மகிழ்வர்.

சருபத்தில் மிதக்கும் கறுப்பு விதையைச் சேர்க்க விரும்புவோர் கடையில் பெயரைக் கவனித்துக் கேட்க வேண்டும். இங்கு அதற்குப் 'கஸ்கஸ்' என்று பெயர். நாம் சப்ஜா என்றும் திருநீற்றுப் பச்சிலை விதை என்றும் சொல்வது அதுவே. நம் நாவில் பழகிய 'கசகசா' என்பதைச் சொல்லிக் கேட்டால் குழம்புக்கு அரைக்கும் வெள்ளை விதை வந்து சேரும். கஸ்கஸையும் கொதித்தாறிய நீரிலேயே ஊறவைக்க வேண்டும்.

பாத்திரத்திலும் கருத்து வேண்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளிப்புப் பானத்தை வைத்தால் களிம்பேறும், அலுமினியமும் ஆகாது. எவர்சில்வர் அண்டாவும், குழாய் பொருத்திய மூடுகலனும் ஏற்றவை. குவளையை உள்ளே விட்டு மொள்ளுதல் கூடாது. சூடு தணியவில்லையென்று கொதித்த நீரோடு பச்சை நீரை விளாவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அவ்வாறு செய்தால் கொதிக்க வைத்த உழைப்பெல்லாம் வீணாகும். முந்தின இரவே நீரைக் கொதிக்க வைத்துவிட்டால் இத்தொல்லை இராது.

பனிக்கட்டி வேண்டுமென்போர் வீட்டிலேயே கொதித்தாறிய நீரில் உறைய வைத்துக்கொள்க. மீனுக்கும் சரக்குக்கும் செய்யப்படும் பனிக்கட்டி உண்ணத் தக்கதன்று. உண்ணும் பனிக்கட்டியினின்று பிரித்தறியும் பொருட்டு, அதற்கு நீல நிறம் சேர்க்க வேண்டுமென்று 2018-ஆம் ஆண்டிலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. வழியில் வாங்கும் கட்டி எந்த நீரில் உறைந்ததென்று நமக்குத் தெரியாது. பொன்முடிக்குச் செல்வோருக்கோ பனிக்கட்டியே தேவையில்லை. மலைக்காற்று அவ்வேலையைச் செய்துவிடும். மேலே சென்று அடுப்பு மூட்டிச் சமைக்கலாம் என்னும் எண்ணமும் வேண்டா. காட்டு நிலத்தில் தீ மூட்டுதல் சட்டப்படி குற்றம். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். வீட்டிலேயே ஆக்கி, எவர்சில்வர் குவளைகளோடு எடுத்துச் சென்று, கொண்டுபோன அனைத்தையும் திரும்பக் கொண்டுவருவதே மலைக்கு நாம் செய்யும் மரியாதை.

இறுதியாக ஒன்று. பிறர் வீட்டில் நீட்டும் குவளையை மறுப்பது பெரும் அவமதிப்பு என்று கருதி வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஐயம் எழுந்தாலும் வாய் திறவாமல் குடித்துவிடுகிறோம். 'திளப்பிச்ச வெள்ளமாணோ?' என்று இந்நாட்டார் இயல்பாகக் கேட்கின்றனர். கேட்கப்பட்டவரும் முகம் சுளிப்பதில்லை. கொதித்த நீர்தானா என்று கேட்பதை நாமும் இழுக்காக எண்ண வேண்டியதில்லை. அதனினும் நன்று, கேட்கும் நிலையையே விருந்தினருக்கு வைக்காமல், 'கொதித்தாறிய நீரில் செய்தது, தயங்காமல் அருந்துங்கள்' என்று நாமே முந்திச் சொல்லிக் கொடுப்பது. நம் வீட்டுக்கு வந்தவர் நலமாகத் திரும்பி, ஒரு திங்கள் கழிந்தும் நலமாகவே இருந்தால்தான் விருந்து நிறைவு பெற்றதாகும். இக்கோடையில் நம் குடும்பங்கள் கூடும் இடங்களிலெல்லாம் இம்முறையைக் கைக்கொள்ளுமாறு அன்பர்களையும் தாய்மார்களையும் கேட்டுக்கொள்கிறோம்.