பழங்கோயிலை இடித்தல் திருப்பணியாமோ?

திருப்பணி என்னும் தூய சொல் இந்நாளிற் பலவிடத்தும் இடிப்பு என்னும் பொருளில் வழங்கத் தலைப்பட்டது. ஓரூரிற் பழங்கோயில் சிதைந்ததெனின் அன்பர் கூடுகின்றனர், பொருள் தண்டுகின்றனர், அதுவரை நன்றே. அடுத்து வருவது கடப்பாரை. பன்னூறாண்டு நின்ற சுவர் மூன்று நாளில் வீழ்கின்றது. கல்வெட்டுடைய கற்கள் படிக்கட்டாகின்றன. சில துணி துவைக்கும் கல்லுமாகின்றன. பின்னர்ச் சிமெந்தும், வண்ணப் பூச்சும், கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குப் பலகையும் வருகின்றன. திருவிளக்குக்கு நிலமளித்தான் பெயர் போயிற்று. மின்விளக்கு அளித்தான் பெயர் நின்றது. இதனைத் திருப்பணி என்று போற்றுவார்க்கு விடையிறுத்தல் சைவநூல் வல்லார் கடனாம்.

இவ்வழக்கை ஆராய்தற்குப் பழவேற்காடு தக்கதோர் இடம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடலையும் பெரிய உப்பேரியையும் அடுத்துள்ள அவ்வூர் விசயநகர வேந்தர் காலத்தே பெருந்துறையாய் விளங்கிற்று. ஒல்லாந்தர் 1613-இல் ஆண்டுக் கெல்திரியாக் கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வாணிகத்திற்கு அதனைத் தலைமையிடமாக்கினர். கோட்டை இன்று புதர் மூடிய மேடு. அவர்தம் இடுகாடோ இந்தியத் தொல்லியற்றுறையின் காவலில் உள்ளது; கல்லறைக் கற்களிற் பொறித்த 17-ஆம் நூற்றாண்டு எழுத்தை இன்றும் படிக்கலாம். அவ்வூரிலேயே செம்புரைக்கல்லால் எழுப்பப்பெற்று, இராமகாதையைச் சிற்றுருவங்களாகச் செதுக்கிக் காட்டும் ஆதிநாராயணப் பெருமாள் கோயில் நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. சமயீசுவரர் கோயிலின் நிலையும் அதுவே. தமிழ்மக்களை அடிமைகளாய்க் கப்பலேற்றி விற்ற வாணிகக் கூட்டத்தார் கல்லறைக்குச் சட்டத்தின் காவல். அம்மக்களின் வழித்தோன்றல்கள் தொழுத கோயிலுக்கு ஆலமரத்தின் வேர். அக்காவலை வெறுத்தற்கில்லை, செத்தார் எவராயினும் அவர் கல்லறையைக் காத்தல் அறமே. அவ்வறம் கோயிலளவும் எட்டாது நின்றதே வெட்கத்துக்குரியது.

அவ்வூர்க் கட்டடங்களின் அருமையை ஊரார்க்கு உணர்த்தி, அவர்தம் துணையோடு அவற்றைக் காக்கும் பணியில் ஆர்டே என்னும் கட்டடக்கலை அறக்கட்டளையும் பிறரும் பல்லாண்டாக முயன்று வருகின்றனர். இத்தகைய முயற்சி எங்குத் தோன்றினும் அதனை எள்ளுவார் ஒருசாரார் உளர். அவர் கூறுவன ஆராயத்தக்கன.

ஆலயத்தை அரனெனவே தொழுக என்று சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்ததன்றோ எனின், ஆண்டு ஆலயம் என்றது உள்ளெழுந்தருளிய திருமேனியையே. சுவரையும் தூணையும் அன்று. திருமேனியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்தபின் எஞ்சியது வெறுங்கல், அதனை இடிப்பதிற் குற்றமென்னை என்பர். திருமேனியே தலைமையென்பது உண்மை. அதனால் விமானம் வெறுங்கல்லாய் விடாது. விமானத்தையும் கோபுரத்தையும் தூலலிங்கமென வழிபடும் வழக்குச் சைவருள் யாரறியாதது? கோயிலுட் புகவியலாத முதியோன் தெருவில் நின்று கோபுரத்துக்குக் கைகூப்புகின்றானே, அவன் தொழுதது கொத்தன் வேலையையோ? மேலும், கலையை வேறிடத்து எழுந்தருளுவித்தல் கட்டடத்தைப் பழுதுபார்த்தற்பொருட்டு. கொன்றொழித்தற்கு உரிமைச்சீட்டாக அன்று.

இனி, சீரணோத்தாரணம் ஆகமத்துள் உண்டென்பர். உண்டு, அதனைப் படித்துப் பார்த்தல் வேண்டும். மயமதத்தில் பழம்பணி புதுக்குதற்கெனத் தனி இயலே உளது. இலக்கணம் தெரியுமளவு எஞ்சிய கோயிலை அதற்குரிய பொருளாலேயே சீர்செய்க. முன்னிருந்த நீள அகல உயரங்களை மாற்றற்க. முன்னில்லாத ஒன்றைப் புதிதாய்க் கூட்டற்க. வல்லாரைக் கலந்து செய்க என்பதே அதன் கருத்து. இன்றைக் குழுவினர் செய்வதோ இம்முறைக்கு நேர்மாறு. ஆகமத்தின் பேரால் ஆகமத்தை மீறுவாரை யாது சொல்லி அழைப்பது?

செம்பியன்மாதேவியார் செங்கற்றளிகளைக் கற்றளிகளாக மாற்றினாரே, அவரும் பழையது நீக்கினவரன்றோ என்பது இவர்களது பெரும்படை. நல்ல வினா. பத்தாம் நூற்றாண்டில் அம்மாதேவியார் திருக்கோடிகாவிற் கற்றளி எடுப்பித்த ஞான்று, பழைய கோயிலிலிருந்த கல்வெட்டுக்களையெல்லாம் படியெடுத்துப் புதிய சுவரில் மீளப் பொறிப்பித்தார். தம் பெயர் நிற்றற்பொருட்டு முன்னோர் பெயரை அழித்திலர். செங்கல்லினும் வலிய கல்லை வைத்தார். கல்லை நீக்கிச் சிமெந்து வைத்திலர். அவ்வரசியாரைத் துணைக்கழைப்போர் அவர் செய்த அவ்வொன்றையேனும் செய்தனரா? சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் திங்களில் பழங்கோயில்களைக் காத்தற்கென 75 கட்டளைகள் பிறப்பிக்க நேர்ந்தது ஏன்? செய்ய வேண்டியவர் செய்திருப்பின் வழக்குமன்றம் இதனுட் புக வேண்டியதில்லை.

உப்புக்காற்றிற் பழங்கல் நில்லாது; சிமெந்தே உறுதி என்பது பிறிதொரு கூற்று. உண்மை இதற்கு மறுதலை. செம்புரைக்கல் நுண்டுளை மலிந்தது. நிலத்தின் ஈரத்தையும் அதனோடு உப்பையும் உறிஞ்சி மேலேற்றும். சுண்ணச்சாந்து இளக்கமுடையது; ஈரம் அதன்வழி வெளிப்பட்டு உலரும்; உப்புப் பூத்துச் சாந்து உதிர்ந்தால் உதிர்ந்த சாந்தை மாற்றினாற் போதும், கல் பிழைக்கும். சிமெந்துப் பூச்சோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். ஈரம் கல்வழியே வெளிப்படுங்கால் உப்புக் கல்லினுள் விளைந்து முகத்தை ஏடேடாக உரித்தெறியும். சிமெந்தினுள் இட்ட இரும்புக் கம்பியும் கடற்காற்றில் துருவேறிப் பருத்துத் தன்னை மூடிய சாந்தையே பிளக்கும். பழவேற்காட்டார்க்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஏரியடியிற் படிந்த கிளிஞ்சலை வாரிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குதல் அவ்வட்டாரத்துப் பழந்தொழில். கடுக்காய்நீரும் வெல்லநீரும் கூட்டி அரைத்த சாந்தால் முன்னோர் கட்டியதை, லாரியில் வந்த மூட்டையாற் பூசி மெழுகுதல் பழுதுபார்த்தலாகுமோ?

இவற்றினும் கொடியது ஒரு சொல் உண்டு. மீன்பிடிப்பார்க்குக் கல்வெட்டும் சிற்பமும் என்ன தெரியும், அப்பணியைக் கற்றார்கையிற் கொடுத்து அவர் ஒதுங்குக என்பது அது. இதனைச் சொல்வோர் பெரியபுராணத்தை எங்ஙனம் ஓதினரோ! நாகப்பட்டினத்து நுளையர் குலத்து அதிபத்தர், வலையில் அகப்பட்ட முதன்மீனை நாடோறும் இறைவற்கென்று கடலில் விட்டவர். பலநாள் ஒரு மீனே கிடைத்து மனையில் பசி மிக்கபோதும் அதனையே விட்டவர். பொன்னும் மணியுமாய் ஒரு மீன் வந்தபோதும் கைந்நடுங்காதவர். அறுபத்துமூவருள் ஒருவராகத் திருச்சுற்றில் நிற்கும் அவர்முன் கைகூப்பிவிட்டு, அவர் தொழிலைச் செய்வாரைக் கோயிற்பணிக்குத் தகாதாரென்பது என்ன பத்தி? திருநாவுக்கரசடிகள் கையிலேந்திய உழவாரம் புல்லும் புதரும் செதுக்கும் கருவியே. மரவேரைப் பக்குவமாய்க் களைந்து சுவரைக் காக்கும் கை அவ்வுழவாரத்துக்கு உறவான கை.

அறிவினும் அவர் குறைந்தாரல்லர். பழவேற்காட்டு ஏரியிற் ‘பாடு’ என்றொரு முறை வழங்குகின்றது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் முதலிய ஊரார் இறால் மிகப்படும் நீர்ப்பகுதிகளை முறைவைத்துத் தமக்குள் பகிர்ந்துகொள்வர். இன்று ஒருவர்க்கு வாய்த்த நல்லிடம் நாளை மற்றொருவர்க்கு. ஒருவனே வளமான துறையைக் கைப்பற்றிக்கொள்ளல் ஆகாது. வழக்கு வரின் ஊர்ப்பெரியோரே தீர்ப்பர். நகரும் நீரை எழுத்துச்சீட்டுமின்றி இவ்வளவு நேர்மையாய்ப் பகிர வல்லார்க்கு, நகராத கோயிற் சுவரை முறைவைத்துக் காத்தல் அரிதோ? திருப்பணிக்குழுக்கள் பல, தலைவர் யார் என்னும் பூசலிலேயே ஆண்டுகளைக் கழிப்பது கண்டார்க்குப் பாடுமுறையின் அருமை விளங்கும்.

பெருமாள் கோயிலுக்குச் சைவர் இரங்குவானேன் என்பாரும் உளர். அவர்க்குச் சொல்லத்தக்கது சிறிதே: இன்று பழவேற்காட்டிற் பெருமாள் கோயிற் சுவர் விழுந்தால், நாளை அதற்கு அணித்தாகிய திருப்பாலைவனத்துத் தூங்கானைமாடக் கோயிற்குக் கடப்பாரை வரும்போது தடுப்பார் எவர்? கடப்பாரை சமயம் வினவுவதில்லை.

தொல்லியலார்க்கும் ஒரு சொல் உரித்து. வேலியிட்டுப் பூட்டி அறிவிப்புப் பலகை நட்டுவிடின் கல்லறைக்கு அது போதும், கோயிற்குப் போதாது. விளக்கேற்றுவாரும் வாயில் தெளிப்பாரும் இல்லாத கோயிலிற் பூட்டே முதலில் துருப்பிடிக்கும். ஒவ்வோராண்டும் மழைக்குமுன் விமானமேறி முளைத்த செடியைப் பறிக்க ஊரில் இருவர் இருந்தாற் பெரும்பொருட் செலவில் ஒரு பாதி நேராது.

ஆதலின், இனித் திருப்பணிக்கெனப் பொருள் வேண்டி வருவாரிடம் சைவ அன்பர் வினவத்தக்கன சில உள. கல்வெட்டுக்கள் மைப்படி எடுக்கப்பெற்றனவா? கற்கள் அவ்வவற்றின் இடம் தெரிய எண்ணிடப்பெற்றனவா? சாந்து சுண்ணமா, சிமெந்தா? அவ்வூர் மக்கள் குழுவில் உளரா, அன்றிக் குடமுழுக்கு நாளன்று கூட்டமாய் நிற்பதற்கு மட்டும் அழைக்கப்படுவரா? இவற்றிற்கு விடை பெற்றபின்னரே பணமுடிச்சு அவிழ்க.