பழங்கணினியும் புதுக் கார்டும்

பழுது பார்த்துப் புதுக்குதல் என்பது தென்காசியில் வாழ்வோர்க்குப் புதிய செய்தி அன்று. 15-ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் ஆலயத்தை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அவ்வாலயத்திற்கு யாதேனும் குறை நேருமாயின் அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் முன்னரே பணிவதாகக் கல்லிற் பொறித்து வைத்தான். சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற இராசகோபுரமும் 1990-இல் மீண்டும் நிமிர்ந்தது. இத்தகைய ஊரிலே, ஏழெட்டாண்டு உழைத்த கணினியொன்று புதிய விளையாட்டு ஒன்றை ஓட்டத் தயங்கிய மாத்திரத்தில், ‘இதனைத் தள்ளிவிட்டுப் புதிதாய் வாங்குங்கள்’ என்று கடையிற் சொல்ல, அதனை மகன் வீட்டில் அப்படியே ஒப்பிக்க, தந்தை நகையடகுக் கடையின் படியேறுவதைக் காணுங்கால் மனம் வருந்துகின்றது.

யான் கூற வந்தது ஒன்றே. பழைய கணினியில் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மட்டும் மாற்றுதலே பெரும்பாலார்க்குப் போதும். அக்கார்டையும் அதன் பெருமை நோக்கி வாங்காது, கணினி தாங்கும் அளவு நோக்கி வாங்குதல் வேண்டும். 10,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாத குடும்பங்களை எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

‘விளையாட்டிற்கா பதினாயிரம்?’ என்று பெரியோர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் நம் பிள்ளைகள் பலர் விளையாடும் கணினியும் படிக்கும் கணினியும் ஒன்றே. பிளெண்டர் போன்ற மென்பொருளில் உருவம் வரைவதற்கும், எடுத்த படத்தைத் தொகுப்பதற்கும் அதே கார்டுதான் உழைக்கின்றது. தென்காசிக்கு அண்மையில் உள்ள மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்த பின்னரும், கணினி என்பது பட்டணத்தார் பொழுதுபோக்கு என்று நம்மவர் சொல்லிக்கொண்டிருத்தல் பொருந்தாது. மேலும், சில ஆயிரத்தில் ஒழிய வேண்டியதை அரை இலக்கமாக வளரவிடாமல் தடுப்பதே ஈண்டு என் நோக்கம்.

முதலாவது செய்ய வேண்டியதற்குக் காசே வேண்டுவதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் வீசும் காற்று நம் ஊருக்குக் குளிர்ச்சியை மட்டுமன்றிப் புழுதியையும் கொணர்கின்றது. குற்றாலத்துச் சாரலின் ஈரமும் அப்புழுதியும் கூடி, கணினியின் விசிறியிலும் வெப்பத்தை வாங்கும் தகடுகளிலும் களிம்புபோல் அப்பிக்கொள்ளும். வெப்பம் வெளியேற வழியின்றிப்போகவே, கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. மின் இணைப்பை நீக்கி, மென்தூரிகையால் துடைத்து, உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவிய பின், ‘கார்டு பழுது’ என்று கருதப்பட்ட கணினிகள் சில மீண்டும் நன்றாய் ஓடக் கண்டிருக்கின்றேன்.

அதன் பின்னும் தயக்கம் நீங்காதாயின், குறை எங்கே உள்ளது என்று ஆராய வேண்டும். குற்றாலப் பேரருவியின் நீர் மலையுச்சியினின்று நேரே நம் தலைமேல் வீழ்வதில்லை என்பதை யாவரும் அறிவர். இடையே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் வீழ்ந்து, வேகம் தணிந்து, பின்னரே வழிந்து இறங்குகின்றது. கணினியிற் பிராசஸர் அத்தகையது. கார்டு நொடிக்கு நூறு படங்கள் வரைய வல்லதாயினும், பிராசஸர் அறுபதுக்கே கட்டளை ஆக்கித் தருமாயின், திரையிற் காண்பது அறுபதே. 2020-இல் வெளிவந்த வலொரண்ட் போன்ற ஆட்டங்கள் பெரிதும் பிராசஸரையே சார்ந்தவை. அவற்றிற்கென விலையுயர்ந்த கார்டு வாங்குவது வீண். இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஆட்டத்தின் அமைப்பில் திரையளவை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 என்று குறைத்து ஆடிப் பார்க்க. வேகம் நன்கு கூடுமாயின் குறை கார்டினது, கூடாதாயின் பிராசஸரினது. இச்சோதனையைச் செய்யாமல் ஒருவரும் பணத்தை வெளியே எடுத்தலாகாது.

இனி, நம்மவர் பெரும்பாலும் மறப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கும் பெட்டியை. யானும் மறந்தவனே. அலுவலகமொன்றிலிருந்து கழிக்கப்பட்டு மறுவிலைக்கு வந்த கணினியே என்னுடையது. அதனுள் ஆர்.எக்ஸ். 580 என்னும் கார்டைக் கைமாறிய விலையில் வாங்கி, அதற்கு வேண்டிய மின்கம்பிக்கு மாற்றிணைப்பு ஒன்றும் தேடிப் பொருத்தி, வெற்றி கொண்டவனைப்போல் அமர்ந்தேன். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம் கணினி இருண்டுபோயிற்று. மறுபடியும் இயக்கினேன், மறுபடியும் இருண்டது. அக்கார்டு 185 வாட் வேண்டுவது. என் பெட்டியோ கணினி முழுமைக்குமே 240 வாட் தரவல்லது. பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வீழ்ந்தால் குளிக்க விடமாட்டார்கள். அவ்விதி என் மேசைக்கும் உண்டென்பதை அன்றறிந்தேன். அலுவலகக் கணினிகளின் பெட்டி தனி வடிவினது ஆதலின், கடையிற் கிடைக்கும் பொதுவானதை அவற்றிற் பொருத்துவதும் எளிதன்று. கார்டை நட்டத்திற்கு விற்றேன்.

இத்தகைய கணினிகளுக்கு, மதர்போர்டின் துளையிலிருந்தே மின்சாரம் பெறும் கார்டுகளே ஏற்றவை. அத்துளை தருவது 75 வாட். 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-இல் பெரும்பாலானவை அவ்வளவிலேயே இயங்கும். தனிக் கம்பி வேண்டுவனவும் சில உள ஆதலின் பார்த்து வாங்குக. 2024-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜி.பி. வகை 70 வாட்டில் அதனினும் நன்றாய் உழைப்பது; எனினும் புதிதாய் வாங்கின் 18 சதவீத வரியும் சேர்ந்து நாம் குறித்த எல்லையைக் கடந்துவிடும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். உடையோர், 2021-இல் வந்த 132 வாட் ஆர்.எக்ஸ். 6600-ஐக் கைமாறிய விலையில் தேடலாம். கேபினெட்டோடு இலவசமாய் வந்த பெட்டியின்மேல் 450 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பற்க.

மலிவென்று கண்டு மயங்கத் தகாதன சில உண்டு. 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி., மதர்போர்டோடு நான்கு தடங்களில் மட்டுமே உரையாடுவது. புதிய கணினியில் அக்குறை தோன்றாது, நம் பழையதிலோ நன்கு தோன்றும். இன்டெலின் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்னும் வசதியின்றித் தளர்ந்து நடப்பன. பழைய மதர்போர்டு பலவற்றில் அஃது இல்லை. 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 1060 ஆகியவற்றிற்கு விளையாட்டிற்கான புதிய டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்தது. கையில் உள்ளவர் வைத்துக்கொள்ளலாம். புதிதாய்த் தேடுவோர் விலகுதல் நன்று.

கைமாறிய கார்டு என்றதும், ‘ஈத்தரம் என்னும் மின்னாணயம் ஈட்ட இரவும் பகலும் உழைத்ததாயிருக்குமே’ என்று அஞ்சுவர். 2022 செப்டம்பர் 15-இல் ஈத்தரத்தின் முறை மாறி, அத்தொழிலுக்குக் கார்டே வேண்டாததாயிற்று. அதன்பின் அவை சந்தைக்குத் திரண்டு வந்தன என்பது மெய்யே. ஆயினும் உழைத்த கார்டு கெட்டேதீரும் என்பது பொருந்தாது. தேய்வது பெரும்பாலும் விசிறி, அதனை மாற்றிக்கொள்ளலாம். அஞ்சத் தக்கது போலியே. பழைய கார்டின் உட்பதிவை மாற்றி 1050 டி.ஐ. என்று விற்பவரும், 2048 என்ற எண்ணடையுடன் மெலிந்த வகையை முழு 580 என்று விற்பவரும் உளர். ஜி.பி.யூ.-இசட் என்னும் இலவச மென்பொருள் இவ்விரண்டையும் காட்டிக்கொடுக்கும். மெய்யான 580-இல் 2304 கணக்கிடும் அலகுகள் உண்டு. ஆகவே கண்முன் பொருத்தி, அரைமணி நேரமேனும் ஆட்டம் ஓட்டிக் காட்ட ஒருப்படாதவரிடம் வாங்கற்க. சென்னை ரிச்சி தெருவிற் பொறுக்கி வாங்கலாம். ஆனால் பொதிகை வண்டியில் இருமுறை செல்லும் கட்டணமும் கார்டின் விலையே என்பதால், அங்குப் படிக்கும் நண்பரிடம் சொல்லி வைப்பது மேல்.

‘விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்ததே, இனிப் பழையது எதற்கு?’ என்போர்க்கும் விடை கூற வேண்டும். இக்குறையைக் கார்டு தீர்க்காது, ஒப்புக்கொள்கின்றேன். 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தம் பெறும் வழியை மைக்ரோசாப்ட் வகுத்தது; லினக்சும் உண்டு. ஆனால் 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை பெரிதும் ஏறிய பின், முழுக் கணினி வாங்குவது முன்னினும் கடினமாயிற்று. நான்கு ஜி.பி. நினைவகமும் இரண்டாம் தலைமுறைப் பிராசஸரும் கொண்ட கணினிக்கு மட்டும் கார்டு வாங்க வேண்டா என்பேன். அப்பணத்தைச் சேமித்து வைக்கலாம்.

கழற்றிய பழைய கார்டைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுவோர் உளர். அது வேண்டா. கார்டே இல்லாத கணினி வைத்துள்ள சிறுவன் ஒருவன் அடுத்த தெருவில் இருப்பான். அவனுக்குக் கொடுக்கும்போது, அவன் வீட்டு எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் என்பதையும் கேட்டுக் கொடுக்க.