உறுமிக்குத் தைப்பூசம் உண்டு. பயிற்சிக்கு இடம் உண்டா?

பினாங்குத் தைப்பூசம் என்றால் வெளியூர்க்காரர்கள் தேரைப் பற்றிக் கேட்பார்கள். பினாங்குக்காரர்களோ "எந்தத் தேர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1894ல் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த நகரத்தாரின் வெள்ளித் தேர் லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து கிளம்புகிறது. பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தங்க இரதம் 2017 முதல் லெபோ குயின் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வேலைச் சுமந்து தண்ணீர்மலைக்குப் போகிறது. எது முன்னே, எது பின்னே என்பதற்கே பத்திரிகைகளின் பாதி மை தீர்ந்துவிடுகிறது. அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகும் ஒரு கேள்வி உண்டு: காவடிகளோடு நடக்கும் உறுமி மேளக் குழுக்களின் நிலை என்ன?

இக்குழுக்களில் பெரும்பாலும் இளைஞர்கள். நிபோங் திபால், சுங்கை பாக்காப், பட்டர்வொர்த் எனச் செபராங் பிறையின் பழைய தோட்டக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் அதிகம். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் அது முனகும். மறுமுகத்தில் அடி விழும். தவிலும் ஜால்ராவும் சேர்ந்துகொண்டால் காவடி எடுத்தவரின் கால் தானாக நகரும். பரதநாட்டியம் கற்க மாதக் கட்டணம் வேண்டும், அரங்கேற்றத்துக்குப் பெரும் பணம் வேண்டும். உறுமிக்கோ அண்ணன் அடிப்பதைத் தம்பி பார்த்தால் போதும். வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு எளிதாக வாய்க்கும் தமிழ்க் கலை இதுதான்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசம் நெருங்கும்போது இவர்களைப் பற்றி வருவதெல்லாம் எச்சரிக்கைகள்தாம்: சினிமாப் பாட்டு கூடாது, ஒலி கூடாது, உடையில் குண்டர் கும்பல் சின்னம் கூடாது. இவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. 2013ல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்களை வெளியிட்ட பிறகு பெற்றோர்களின் பயமும் கூடியது. தண்ணீர்ப் பந்தல்களில் ஒலிபெருக்கியை முழுவதுமாகத் திறந்துவிட்டால் பக்கத்தில் வரும் உறுமியே கேட்காது என்பதும் உண்மை. பந்தலின் ஒலிபெருக்கியையும் தோலில் அடிக்கும் மேளத்தையும் ஒரே குற்றப்பட்டியலில் போடுவதுதான் பொருந்தவில்லை. முன்னது இயந்திரம், பின்னது கலை.

சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்திய இசைக்குத் தடை இருந்தது. 2015ல் மேளம் தொடர்பாக எழுந்த தகராறில் மூவர் கைதானார்கள். மறு ஆண்டே வழியில் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பினாங்கில் அப்படியொரு தடை இருந்ததில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தைக் கலையாக வளர்க்கும் ஏற்பாடு என்று சொல்லும்படி ஒன்றும் கண்ணில் படவில்லை.

உண்மைச் சிக்கல் ஊர்வல நாளில் இல்லை, மற்ற நாட்களில் இருக்கிறது. தோட்டம் இருந்தபோது கோயில் திடல் இருந்தது. இரவு பத்து மணிக்கு உறுமி அடித்தாலும் கேட்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். பத்து காவானை எடுத்துக்கொண்டால், தோட்டமாக இருந்த அந்தத் தீவு 2014ல் இரண்டாவது பாலம் திறந்ததும் தொழிற்சாலையும் அடுக்குமாடியுமாக மாறிவிட்டது. நகரத்திலும் அதே கதை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ல் நீங்கியதும் ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. தோட்டத்துப் பையனும் டவுன் பையனும் இன்று ஒரே மாதிரியான மலிவு விலை அடுக்குமாடியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அங்கே மேளத்தை எடுத்தால் அரை மணி நேரத்தில் புகார் போகும். புகார் செய்பவரையும் குறை சொல்ல முடியாது. மறுநாள் அதிகாலை ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் அவர்.

இங்கேதான் பாரம்பரிய நகரம் என்ற பட்டத்தைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு ஜோர்ஜ்டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய கட்டடங்களுக்காக மட்டும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. பல இனங்களின் வாழும் பண்பாடும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2010 முதல் ஜோர்ஜ்டவுன் விழா நடக்கிறது. ஜூலை 7ஐ ஒட்டிப் பாரம்பரியக் கொண்டாட்டமும் உண்டு. லெபோ ஆர்மேனியனில் 2012ல் வரைந்த சைக்கிள் சிறுவர் ஓவியத்துக்கு முன்னால் படம் எடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. உறுமி அடிக்கும் பையனைத் தேடி எந்தச் சுற்றுலா வரைபடமும் பட்டர்வொர்த்துக்கு வழி காட்டுவதில்லை. சுவரில் உள்ளது பாரம்பரியம், தோளில் தொங்குவது தொல்லை என்ற கணக்கு எப்படி வந்தது?

தமிழ்ச் சமூகத்துக்கும் இதில் பங்குண்டு. சாவு வீட்டிலும் அடிக்கிறார்கள் என்பதற்காக இந்த மேளத்தைச் சற்றுத் தள்ளியே வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தமிழகத்தில் பறைக்கும் இதே நிலைதான் இருந்தது. 2025ல் மதுரைப் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015 முதல் கர்நாடக இசையும் பறையும் ஒரே விழாவில் ஒலித்திருக்கின்றன. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்பதற்குக் காரணம் தெரியவில்லை.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாலையில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களில் சிலவற்றை வாரத்தில் இரண்டு நாள், இரவு ஒன்பது மணி வரை, பெயர் பதிந்த குழுக்களுக்குத் திறந்துவிட்டால் கொம்தாரிலிருந்து கோடிக்கணக்கில் நிதி வர வேண்டியதில்லை. பதிவுக்கு வரும் குழுவிடம் உடை, பாட்டு, ஒழுங்கு எல்லாவற்றையும் பேசலாம். தெருவோரத்தில் பிடித்து எச்சரிப்பதைவிட அது எளிது. மூத்த தவில் கலைஞர் ஒருவரை அமர்த்தித் தாளக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் குழுக்களின் தரமும் உயரும். ஜூலை 7 மேடையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும், ஊர்வலத்தில் நன்றாக அடிப்பதற்கு அவர்களுக்கே ஒரு காரணம் இருக்கும்.

விதிமுறைகள் பேசப்படுவது பெரும்பாலும் தைப்பூசத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான். குழுக்களோ அதற்குள் பாட்டை முடிவு செய்து, சட்டையும் தைத்து முடித்திருக்கும். வாரியமும் பள்ளி வாரியங்களும் குழுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசுவதாக இருந்தால், அது தீபாவளிக்கு முன்பே நடக்க வேண்டும்.