வெயிலில் நமக்குப் பங்கு எங்கே?

சென்ற மாதக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தை நேரில் கண்ட அன்பர்கள் இப்படி ஒரு கட்டுரை வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வராத அன்பர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

அன்றைய பொருள் ஒரே வரிதான்: தகரக் கூரை வீடுகளில் கோடை வெப்பத்துக்கு என்ன செய்யலாம்? பத்து நிமிடத்தில் முடியவேண்டிய பேச்சு இரண்டரை மணி நேரம் ஓடியது. செங்கொடிச் சங்கத்து மூத்த தோழர் எழுந்து, "இருநூறு வருஷமாகப் புகை விட்டவன் வெள்ளைக்காரன். இப்போது நம்மைப் பார்த்து அடுப்பை அணை என்கிறான்" என்றார். மத்தியில் ஆளும் கட்சியில் இருக்கும் தம்பி உடனே எழுந்து, 2030-க்குள் ஐந்து லட்சம் மெகாவாட் என்று உலக மேடையில் நம் நாடு உறுதி சொன்னதை நினைவூட்டினார். திராவிடக் கட்சி நண்பர் ஒருவர், காற்றாலையை ஊர் ஊராக நட்டது யார் என்று கேட்டார். "யார் ஆட்சியில்?" என்று இன்னொரு திராவிடக் கட்சி நண்பர் குறுக்கிட்டார். அதன்பின் அந்த இருவர் சண்டையைத் தீர்ப்பதே கூட்டத்தின் வேலையாகிவிட்டது. மகளிர் பிரிவுச் சகோதரி ஒருவர், "நீங்க பேசுங்கண்ணே, பதினொரு மணிக்குக் குழாய்த் தண்ணி நின்னுடும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு போய்விட்டார். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது.

இதில் யார் சொன்னது பொய்? ஒருவர் சொன்னதும் பொய் இல்லை. அமெரிக்கன் ஒருவனுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரிப்புகை என்றால் இந்தியனுக்கு 2 டன் அளவுதான். தகரத்தடியில் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் ஓட்டுகிறவனுக்கு அதிலும் எவ்வளவு குறையும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். தம்பி சொன்னதும் உண்மை. 2025-ஆம் ஆண்டின் நடுவில், நாட்டு மின் நிலையங்களின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராதது ஆகிவிட்டது என்று அரசே அறிவித்தது. 2030-க்கு வைத்த குறி ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. (ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. வெயில் இரவில் அடிப்பதில்லை. காற்று கேட்டபோது வீசுவதில்லை. ஓடிவரும் மின்சாரத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு இன்னும் கரியில்தான் பிறக்கிறது. தம்பி இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.) காற்றாலையைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நாகர்கோவில் வண்டியில் ஊருக்குப் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். எந்தத் தூணிலும் கட்சிக்கொடி இல்லை. ஆட்சிகள் மாறின, ஆலைகள் நின்றுகொண்டே இருக்கின்றன.

டில்லியிலும் அப்படியே. 2008-இல் மன்மோகன் சிங் அரசு காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டம் கொண்டுவந்தது. 2010-இல் நேரு பெயரில் சூரியசக்தி இயக்கம் தொடங்கி, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்றது. 2015-இல் மோடி அரசு அந்தக் குறியை ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தியது. ஒருவர் போட்ட பாதையில் மற்றவர் வண்டியை வேகமாக ஓட்டினார். மும்பையில் 2022 மார்ச்சில் ஒரு கூட்டணி ஆண்டபோது நகரத்தின் காலநிலைச் செயல்திட்டம் வெளிவந்தது. சில மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது. ஆனாலும் 2024-இல் மாநகராட்சி காலநிலை வரவு செலவு அறிக்கை என்று ஒன்றை வெளியிட்டது. ஆக, மேலே இருப்பவர்களுக்குள் இந்த விஷயத்தில் அப்படியொன்றும் பெரிய பகை இல்லை. கீழே நாம்தான் அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் எது இன்னும் தீராமல் கிடக்கிறது? செலவு யார் தலையில், பலன் யார் வீட்டில் என்ற கேள்விதான். இதை எந்தக் கட்சியும் மேடையில் பேசுவதில்லை. நம் தொழிற்சங்கங்களும் பேசவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள். விஞ்ஞானம் நமக்குத் தெரியாது. சரக்குக் கணக்கு தெரியும். ரயில்வே ஏற்றுகிற சரக்கில் எடைக்கு எடை ஏறக்குறைய பாதி நிலக்கரி. ஒரு ரேக் என்றால் 58 வேகன், 4,000 டன்னுக்குக் கிட்டத்தட்ட. அந்தச் சரக்கு வருமானத்தில்தான் பயணிக் கட்டணத்தில் விழும் துண்டை அடைக்கிறார்கள். பயணச் செலவில் 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்புகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் பயணச்சீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்களே, வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிச்சத்தை யார் கொடுக்கிறார்கள் என்று அந்தச் சீட்டில் அச்சடிக்கவில்லை. பெரும்பங்கு கரி கொடுக்கிறது. பொங்கலுக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கியடித்து ஊர் போகிறோமே, அந்தச் சீட்டின் விலையில் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் வெட்டிய கரி இருக்கிறது.

1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. நூறு ஆண்டு கழித்து அகலப்பாதை முழுவதுமே மின்மயம் ஆகும் கட்டத்துக்கு வந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் கம்பியில் வரும் மின்சாரம் கரியிலிருந்து வருகிறது. அந்தக் கரியை அதே ரயில்தான் சுமக்கிறது. சுமந்த கூலியில்தான் ரயில் பிழைக்கிறது. நாளைக்குக் கரி குறைந்தால் அந்த வருமானம் எங்கிருந்து வரும்? கட்டணம் ஏறுமா, ஆள் குறையுமா? இதைக் கேட்டால் சுத்த மின்சாரத்துக்கு எதிரி என்று முத்திரை குத்தவேண்டாம். முன்கூட்டிக் கேட்டு வைத்தால்தான் பின்னால் அலறாமல் இருக்கலாம்.

முன்கூட்டித் திட்டமிட்டால் முடியும் என்பதற்கு ரயில்வேயிலேயே சான்று இருக்கிறது. வாராணசியில் டீசல் எஞ்சின் செய்த தொழிற்சாலை மூடப்படவில்லை. அதே தொழிற்சாலை மின்சார எஞ்சின் செய்யப் பழகியது. 2020-இல் பெயரையும் மாற்றிக்கொண்டது. இதற்கு நேர் எதிராக மும்பைப் பேருந்தைப் பாருங்கள். பெஸ்ட் நிறுவனத்துக்குப் புகையில்லாத மின்சாரப் பேருந்துகள் வந்தன. கூடவே ஒப்பந்த முறையும் வந்தது; பேருந்து தனியாருடையது, ஓட்டுநர் ஒப்பந்தக்காரர். 2023 ஆகஸ்டில் அந்த ஓட்டுநர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து, நகரம் பல நாள் தவித்தது. வானத்துப் புகை குறைந்தது, வீட்டு அடுப்பின் புகையும் குறைந்தது என்றால் அதைத் தொழிலாளி எப்படி வரவேற்பான்?

கரி தொடரட்டும் என்பவர்களுக்கும் ஒரு சொல். 2022 ஏப்ரலில் வட இந்தியாவில் அடித்த வெயில் நினைவிருக்கும். வெயில் ஏறியது, மின் தேவை ஏறியது, அனல் நிலையங்களில் கரி தீர்ந்துகொண்டு வந்தது. கரி ரேக்குகளுக்கு வழிவிடப் பயணி ரயில்கள் நூற்றுக்கணக்கான நடைகள் ரத்து செய்யப்பட்டன. வெப்பத்தால் கரி, கரியால் ரயில் ரத்து. ரத்தானதில் விமானத்தில் போகிறவனுக்கு என்ன நஷ்டம்? பிளாட்பாரத்தில் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்தவன் நம்மைப் போன்ற பிழைக்க வந்தவன்.

சுத்த மின்சாரம் மும்பைக்குப் புதிதும் அல்ல. 1915 முதல் கோப்போலி நீர்மின் நிலையத்திலிருந்து வந்த மின்சாரத்தில்தான் இந்த நகரத்துப் பஞ்சாலைகள் ஓடின. அடுத்து முல்ஷியில் அணை கட்ட நிலம் எடுத்தபோது, 1921-இல் மாவள விவசாயிகள் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அணை நின்றது, விவசாயி போனான். நம்மவர் கதையும் ஒன்று உண்டு. டிராம்பே பக்கம் ஜனதா காலனியில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் குடியிருந்தார்கள். தமிழர் அதில் ஏராளம். அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று, அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம் அத்தனை பேரையும் பெயர்த்துச் சதுப்பு நிலத்தில் விட்டார்கள். இன்றைய சீத்தா கேம்ப் அப்படி உண்டானது. அங்கிருக்கும் பெரியவர்களிடம் போய் மின்சாரத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துப் பேசவேண்டும்.

அந்த ஜனதா காலனியில் தலையெடுத்தவர்தான் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். பின்னாளில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உண்டாக்கி, 2000-இல் மகசேசே விருது பெற்று, 2018-இல் மறைந்தவர். அவர் முதலில் ஆட்களைத் திரட்டியது எதற்காக? குப்பைக்காக. மாநகராட்சி குப்பையை அள்ளவில்லை; பிள்ளைகளையும் ஊராரையும் சேர்த்துக் குப்பையைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோய் அலுவலக வாசலிலேயே போட்டார்கள். தமிழன், மராட்டியன், முஸ்லிம் என்று எல்லார் வீட்டு வாசலிலும் அதே குப்பை கிடந்தது. கட்சி கேட்டு அது நாறவில்லை.

2005 ஜூலை 26-ஆம் தேதியும் அப்படித்தான். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்றுபோய் தாதரிலிருந்து நடந்து சயான் வந்து சேர்ந்தபோது நமக்கு இடுப்பளவு தண்ணீர். மித்தி ஆற்றைக் குறுக்கியதற்கும் அதில் பங்கு உண்டு. எல்லாவற்றையும் வானத்தின் மேல் போடமாட்டோம். ஆனால் அன்றிரவு ஒரே பரணில் ஒண்டியிருந்தவர்களில் மூன்று கட்சிக்காரர்கள் இருந்ததை நாம் கண்டோம்.

இனி கூரைக்கு வருவோம். சகோதரி குடத்தோடு எழுந்து போனதும் அதற்காகத்தான். 2024-இல் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளுக்குச் சூரியத் தகடு, மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்று 75,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. யாருக்கு? சொந்தக் கூரை உள்ளவனுக்கு. தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் நம்மவர் பாதிப்பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். மேல்தளம் ஒருவனுக்கு, கீழ்த்தளம் இன்னொருவனுக்கு. தகரத்தின் மேல் வெயில் நன்றாகவே அடிக்கிறது, அதன் சூடு மட்டும் நமக்கு, மின்சாரம் கூரைக்காரனுக்கு. டில்லியில் 2019-இலேயே இதற்கு வழி கண்டார்கள்: ஓர் இடத்தில் தகடு, பல வீட்டு மீட்டரில் கழிவு. மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களும் ரயில் நிலையங்களும் எத்தனை கூரை வைத்திருக்கின்றன! அங்கே தகடு போட்டு, வாடகைக் குடித்தனக்காரன் மீட்டரில் ஏன் கழிக்கக்கூடாது?

அதுவரை தகரத்துக்கு வெள்ளைப் பூச்சு. இது கேலிக்குரிய சின்ன விஷயம் அல்ல. 2010-இல் வெப்பத்தால் பலர் மாண்ட அகமதாபாத் நகரம் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் 2017-இல் குடிசைக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையைத் தொடங்கியது. தெலுங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது. அங்கே ஒரு கட்சி, இங்கே அதற்கு எதிர்க்கட்சி. பூச்சு ஒரே வெள்ளை. தாராவியில் புதுக் கட்டடம் வரப்போகிறதே, தகரத்துக்குப் பூச்சு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 2004 முதல் வரப்போகிறது. இடையில் எத்தனை கோடை போயிற்று என்று எண்ணிப்பாருங்கள்.

வெள்ளைக்காரன் நஷ்டஈடு கொடுக்கட்டும் என்ற மூத்த தோழரின் கொள்கையை அவர் விடவேண்டாம். தம்பி மெகாவாட்டில் பெருமைப்படட்டும். காரணத்தில் ஒன்றுபட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும். மனுவில் பூச்சும் மீட்டர் கழிவும் இருக்கும். கரி குறையும்போது ரயில் கட்டணமும் ரயில்வே வேலையும் என்னவாகும் என்று கேட்கும் ஒரு பத்தியும் இருக்கும். இந்தப் பத்திக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். நம் சங்கத்துக்குள்ளிருந்தே வரும். வரட்டும், பேசுவோம்.

வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூட்டம். கட்சிக்கொடி வேண்டாம். ஏப்ரல், மே மாதத்து மின் கட்டண ரசீதுகளைக் கொண்டுவரவும். துணைமீட்டர் வைத்து வீட்டுக்காரருக்குக் கட்டுகிறவர்கள் யூனிட்டுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வரவும். குழாய்த் தண்ணீர் நேரத்தை முன்னிட்டு ஒன்பதரைக்குள் முடிக்கிறோம்.