சம்பளமில்லாப் பயிற்சியால் வீட்டுக்கு என்ன வருகிறது?

தொழில்நுட்பப் பாடநெறி படிக்கும் பிள்ளை சில மாதங்கள் கராச்சில் நின்று பயிற்சி பெறவேண்டும், சம்பளம் கிடையாது என்றதும் பல தகப்பன்மார் முகம் சுளிக்கிறார்கள். "சும்மா வேலை செய்யவோ படிக்க விட்டனாங்கள்?" என்று எம்மிடமே கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. குத்தகைக் காணியில் வெங்காயம் நடும் குடும்பத்துக்கு ஓர் ஆள் குறைவது சிறிய விடயமல்ல. பஸ் காசு வேறு.

ஆனாலும் நாம் எப்படித் தொழில் பழகினோம்? 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட முன்னர், அந்தச் செம்மண்ணில் பாத்தி கட்டவும் தண்ணீர் மாறவும் எமக்கு எவர் சம்பளம் தந்தார்? பள்ளிக்கூடம் விட்டு வந்து தகப்பனுக்குப் பின்னால் நின்று பழகினோம். ஒரு வித்தியாசம் உண்டு. அந்த உழைப்பின் பலன் எமது அடுப்படிக்கே வந்தது. பிறத்தியார் கராச்சில் நிற்கும் பிள்ளையின் உழைப்பு முதலாளிக்குப் போகிறது. ஆகவே வீட்டுக்கு வரவேண்டியது கைப்பழக்கமும் கடுதாசியும். இவ்விரண்டும் வராவிட்டால் அது பயிற்சியல்ல.

கைப்பழக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதால் வராது. தண்ணீர்ப் பம்பி திருத்தும் இடத்துக்குப் போகும் பிள்ளை முதற்கிழமை கூட்டட்டும், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கட்டும்; அதில் குறைவில்லை. ஒரு மாதமாகியும் தேநீர் வாங்கத்தான் அனுப்புகிறார்கள் என்றால், பொறுப்பான ஆசிரியரிடம் சொல்லி வேறிடம் கேட்கவேண்டும். பம்பி தண்ணீர் இழுக்கவில்லை என்று ஒருவர் கொண்டுவந்தால், புட்வால்வில் பிழையா, குழாயில் காற்றுப் புகுகிறதா, சீல் தேய்ந்துவிட்டதா என்று முதலில் பிள்ளை தேடட்டும். மெக்கானிக் பிறகு பார்க்கட்டும்.

கடுதாசி விடயத்தில் எமது சனம் அசட்டை. காணி உறுதியைத் தொலைத்துவிட்டுக் கச்சேரிக்கு அலைந்த எமக்கே இது விளங்கியிருக்க வேண்டும்! அன்றன்று செய்த வேலையைக் கொப்பியில் எழுதி, கிழமைக்கு ஒருமுறை கையொப்பம் வாங்கவேண்டும். தேசிய தொழிற்றகைமைக்கு மதிப்பீடு செய்பவர்கள் செய்த வேலைக்குச் சான்று கேட்பார்கள். பாடநெறி படிக்காமல் வேலைத்தலத்திலேயே பழகியவரும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் அதே தகைமைக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்கு இச்சான்றுகளே முதல். முடிகிற நாளில், தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் போட்ட கடிதம் வாங்காமல் பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாது.

இன்னொன்று. வெங்காயம் கிண்டும் கிழமையில் இரண்டு நாள் லீவு வேண்டுமென்று ஆரம்பத்திலேயே கேட்டு வையுங்கள். எமது பக்கத்து முதலாளிமார் பலரும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான், விளங்கிக்கொள்வார்கள்.