கேப்டன் லட்சுமிக்கு நூல் உண்டு. அவர் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களுக்கு என்ன உண்டு?

ஜான்சி ராணிப் படை என்றதும் நினைவுக்கு வரும் முதல் பெயர் கேப்டன் லட்சுமி. சென்னையில் பிறந்து 1940இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவராகப் பணியாற்றிய அவர், 1943 ஜூலையில் நேதாஜியின் அழைப்பை ஏற்று இந்தப் பெண்கள் படையை உருவாக்கினார். அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது.

2012இல் கான்பூரில் காலமான லட்சுமியின் உடல், அவர் விருப்பப்படி மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. சமாதி இல்லாவிட்டாலும் அவர் நினைவு அழியவில்லை. அவரே எழுதிய வாழ்க்கை நினைவுகள் நூலாக உள்ளன. பீட்டர் ஃபே என்ற வரலாற்றாசிரியர் அவருடனும் அவர் கணவர் பிரேம் சேகலுடனும் நீண்ட நேரம் உரையாடி, 1993இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். படையைப் பார்வையிடும் புகைப்படங்களும் பத்திரமாக உள்ளன.

அந்தப் படையில் நின்ற மற்றவர்களின் நிலை வேறு. அவர்களில் பெரும் பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் முகாமில்தான் எழுத்தைக் கற்றனர். படையில் எத்தனை பேர் இருந்தனர் என்பதிலேயே நூல்கள் ஒத்துப்போகவில்லை. சில ஆயிரம் என்கின்றன. சில அதைவிட மிகக் குறைத்துச் சொல்கின்றன. முழுமையான பெயர்ப் பட்டியல் கைக்குக் கிடைக்காததே இதற்குக் காரணம்.

படித்த குடும்பத்துப் பெண்கள் பின்னாளில் பேட்டி கொடுத்தார்கள், எழுதினார்கள். பால்மரம் வெட்டத் திரும்பிய பெண்ணைத் தேடி ஒலிப்பதிவுக் கருவியோடு லயத்துக்குப் போனவர்கள் மிகச் சிலரே. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆட்சி திரும்பியதால், படையில் இருந்ததை வெளியில் சொல்ல அஞ்சியவர்களும் உண்டு. தலைவியின் நினைவு நிலைத்ததற்கும் தொண்டர்களின் நினைவு மங்கியதற்கும் வீரத்தில் இருந்த வேறுபாடு காரணமல்ல. யாரிடம் காகிதம் இருந்தது என்பதே காரணம்.

அந்தத் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது பாட்டியின் ட்ரங்க் பெட்டிதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அந்தப் பெட்டியில் உள்ளவைதான். சீருடையில் எடுத்த ஒரு படம், ஒரு பழைய கடிதம், ஒரு பதக்கம் போதும், ஒரு பெயரை வரலாற்றில் சேர்க்க.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாமல் பென்சிலால் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை மெல்லக் குறிக்கலாம். ஒட்டும் நாடாவும் லேமினேட்டும் படத்தைக் கெடுக்கும் என்பதால் தவிர்க்க வேண்டும். மூலத்தை ஈரம் படாத இடத்தில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் நகல் எடுத்து உறவினர்களிடம் பகிர்ந்து வைக்கலாம். பாட்டியோடு வாழ்ந்த மூத்தவர்கள் சொல்வதை இப்போதே ஒலிப்பதிவு செய்யலாம்.

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் அரசு ஆவணங்களோடு தனியார் ஆவணங்களையும் பாதுகாக்கிறது. சிங்கப்பூரில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், இந்தியச் சமூகத்தின் வரலாற்றுப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கிறது. பொருளை ஒப்படைக்க மனமில்லாதவர்கள் நகல் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம்.

கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஒரு நாளை ஒதுக்கி, வட்டாரத்துக் குடும்பங்களைத் தங்கள் பழைய படங்களோடு அழைத்தால் இந்த வேலை தொடங்கிவிடும். கேப்டன் லட்சுமிக்குப் பின்னால் வரிசையில் நின்ற முகங்கள் யாருடையவை என்று சொல்லக்கூடியவர்கள் அந்தக் குடும்பங்கள்தான்.